என் கடைச் சோற்றுக்கு நான் போட்ட விலை

1

இன்று காலை தேநீர்க் கூட்டம் கலைந்த நேரத்தில் ஜாலான் பெண்டஹாரா தெரு ஜவுளிக்கடைக்காரர் என் கடைக்கு வந்தார். இருபது வருஷப் பழக்கம். உட்கார்ந்ததும் வடை கேட்கிறவர், இன்றைக்குக் கேட்கவில்லை.

"அண்ணே, ஒங்களாலதான் எங்களுக்கெல்லாம் தலவலி. நீங்க சம்பளத்தக் கூட்டினாலும் கூட்டினீங்க, என் கடையில துணி மடிக்கிறவன்கூட காஜா பெராங்கு அண்ணன் கடையில போய்ப் பாருங்கன்னு எனக்கே சொல்றான்."

நான் சிரித்தேன். அவருக்குக் கோபம் கூடிவிட்டது. இரண்டு வடை எடுத்து வைத்தேன். கோபத்தோடேயே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நாட்காட்டியைப் பார்த்தால், என் கடை ஆட்களுக்குச் சம்பளம் கூட்டி இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. நம் ஊர்ச் சங்கத்து மலருக்கு, 'மலாயாவில் தாங்கள் முன்னேறிய வரலாறு' எழுதித் தரும்படி வந்த கடிதமும் நாலு மாதமாகக் கல்லாப்பெட்டிக்குள் கிடக்கிறது. சரி, இன்று எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். என் முன்னேற்றத்தை முழுக்க எழுதினால் மலர் தாங்காது. அதனால் ஒன்றே ஒன்றை எழுதுகிறேன். என் சொந்தக் கடையில், என் சொந்த ஆட்கள் ஆறு பேர், என் சோற்றைத் தொடமாட்டோம் என்று சொன்ன கதை.

2

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதிதான். எழுத்துப் பிழை இருந்தால் மலர் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு சட்டையோடு கப்பலேறி வந்தவன். மலாக்காவில் முதலில் தட்டுக் கழுவினேன். மாதம் எட்டு வெள்ளி. நம் ஊரில் ரூபாய் என்பதை இங்கே வெள்ளி என்பார்கள். தட்டுக் கழுவியவன் மாவாட்டினான், மாவாட்டியவன் அடுப்பில் நின்றான், அடுப்பில் நின்றவன் முதலாளியின் கடையையே வாங்கினான். யாரும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இன்றைக்குக் காஜா பெராங் சாலையில் மூன்று கதவுக் கடை, அதாவது ஒட்டி நிற்கும் மூன்று கடை சேர்ந்த ஒரே கடை, என்னுடையது. ஜப்பான்காரன் காலத்தில் ஊரே பட்டினி கிடந்தபோதுகூட மரவள்ளிக் கிழங்கை வைத்துக்கொண்டே கடை நடத்தியவன் நான்.

என் மீன் கறியைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். குருபோங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார மேனேஜர் வாரம் ஒருமுறை டிரைவரை அனுப்பித் தூக்குச்சட்டியில் வாங்கிப்போவார். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் ஒழுகச் சாப்பிடுவாராம். ஆனாலும் அடுத்த வாரம் டிரைவர் வந்து நிற்பார்.

இந்த மலாயாச் சாப்பாட்டுக்கடைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கடையில் வேலை செய்கிறவன் கடையிலேயே சாப்பிடுவான், கடை மாடியிலேயே படுப்பான். சம்பளம் என்று கையில் கொடுப்பது ஊருக்கு மணியார்டர் அனுப்பவும், வெற்றிலை பாக்குக்கும், சினிமாவுக்கும். மதியக் கூட்டம் முடிந்ததும் பின்கட்டில் நீளமான மேசையில் ஆறு பேரும் உட்காருவார்கள். நானே பரிமாறுவேன். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். இரண்டாவது மீன் கேட்டாலும் வைப்பேன். ஒன்றுக்கு மட்டும் அனுமதி கிடையாது, பொட்டலம் கட்டிக்கொண்டு போகக்கூடாது. எந்தக் கடையிலும் கிடையாது. ஒருவன் கட்ட ஆரம்பித்தால் கடை போய்விடும் என்று என் பழைய முதலாளி எனக்குச் சொன்னார். நான் என் ஆட்களுக்குச் சொன்னேன்.

என் கடையில் பசியோடு படுத்தவன் ஒருவனும் கிடையாது என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய்யும் இல்லை. மாடியில் படுத்தவன் எவனும் பசியோடு படுத்ததில்லை.

3

மாணிக்கம் என் தலைமைச் சமையல்காரன். பதினோரு வருஷம் என்னிடம் இருக்கிறான். கை அளவு அப்படி ஒரு அளவு. ஐம்பது பேருக்கு வைத்தாலும் ஐந்நூறு பேருக்கு வைத்தாலும் ஒரே ருசி. என் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மெர்டேக்கா, அதாவது இந்த நாட்டுச் சுதந்திரம், வருவதற்கு முந்தின வருஷம் அவன் பெண்டாட்டி அஞ்சலையும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார்கள். சுதந்திரம் வந்தால் வெளி ஆட்கள் வருவதற்குக் கதவை அடைத்துவிடுவார்கள் என்று அப்போது எல்லோருக்கும் பயம். குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ளாவிட்டால் இனி முடியாது என்று பலரும் அவசர அவசரமாகக் கூப்பிட்டார்கள். மாணிக்கத்தின் சின்ன மகளுக்கு அப்போது நாலு வயது. நடுவில் ஒருமுறை அவன் ஊருக்குப் போய்வந்த பிறகு பிறந்த அந்தப் பிள்ளையை அவன் முதன்முதலாகப் பார்த்ததே கப்பல்துறையில்தான்.

காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகளின் கம்போங்கில், அதாவது அவர்கள் குடியிருப்பில், ஒரு வீட்டின் பின்பக்க அறையை மாதம் பதினெட்டு வெள்ளிக்கு எடுத்தான். மலாக்காச் செட்டிகளை ஊரில் உள்ளவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டீர்கள். திருநீறு பூசுவார்கள், மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். எப்போதோ வந்து குடியேறி இந்த மண்ணோடு கலந்துவிட்டவர்கள். வீட்டுக்கார அம்மாள் மலாயில் பேசுவார், அஞ்சலை தமிழில் பதில் சொல்வாள். சண்டை வந்தாலும் அப்படியேதான் நடக்கும் என்று மாணிக்கம் சொல்லிச் சிரிப்பான்.

சம்பளம் எழுபது வெள்ளி. ஒண்டி ஆளுக்கு அது ராஜா சம்பளம். வாடகை பதினெட்டு போக, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவது போக, மிச்சத்தில் மூன்று வயிறு. அவன் வயிற்றை நான் பார்த்துக்கொள்கிறேன், அந்த மூன்று வயிற்றை யார் பார்ப்பது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நாள் முழுக்க மீன் பொரிக்கிறவனின் பிள்ளைகள் சோற்றில் சீனர் கடையில் விற்கும் சோயாச் சாற்றை ஊற்றிப் பிசைந்து தின்றன. அவனோ கடை மேசையில் என் முன்னால் உட்கார்ந்து இரண்டு மீன் சாப்பிட்டாக வேண்டும்.

ஒருநாள் முற்பகலில் ஆறு பேரும் சேர்ந்து கல்லா முன்னால் வந்து நின்றார்கள். மாணிக்கம்தான் பேசினான். அவனுக்கு நூற்றிருபது, மற்றவர்களுக்கு ஆளுக்கு எண்பது. எண்பதுக்குக் கீழே யாருக்கும் இருக்கக்கூடாது.

"இப்ப நீங்க குடுக்கிறது ஒண்டி ஆளுக்குப் போட்ட சம்பளம் மொதலாளி. நாங்க ஒண்டியாவே செத்துப்போற ஆளுங்க இல்ல."

தேநீர் கலக்குகிற சாமிக்கண்ணு பின்னாலிருந்து சொன்னான்: "எனக்கு நாப்பது வயசாச்சு மொதலாளி. நாப்பத்தஞ்சு வெள்ளிக்காரனுக்கு எவன் பொண்ணு குடுக்கிறான்? ஒங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா நீங்க குடுப்பீங்களா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. எட்டு வெள்ளியில் நான் தட்டுக் கழுவிய கதையை எடுத்துவிட்டேன். அரை மணி நேரம் பேசினேன் என்று நினைக்கிறேன். அவர்கள் அந்தக் கதையை முன்னமே எத்தனை தடவை கேட்டிருப்பார்களோ.

நான் முடிக்கும்வரை மாணிக்கம் காத்திருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். அடுத்த கப்பலுக்கு டிக்கெட் ஏஜெண்டிடம் அஞ்சலை பேரும் பிள்ளைகள் பேரும் கொடுத்து முன்பணமும் கட்டிவிட்டானாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மீதியைக் கட்டவேண்டும். கட்டிவிட்டால் அவர்கள் போகவேண்டியதுதான். போனால் திரும்பி வரக் காகிதம் கிடைக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

"நீங்க முடியும்னா பேர எடுத்துடுறேன். முடியாதுன்னா அனுப்பிடுறேன். அவங்களைப் பசியில வச்சிக்கிட்டு நான் இங்க வயிறு முட்டத் தின்ன முடியல."

முடியாது என்றுதான் நான் சொன்னேன்.

4

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே வாரம் தொழிலாளர் இலாகாவிலிருந்து ஒரு ஆள் வந்தார். தமிழர்தான். வெள்ளைக் கால்சட்டை, கையில் அட்டை. கூலிக்கு ஒரு கீழ்வரம்பு வைக்கலாமா என்று பேச்சு நடப்பதாகவும், அதற்குக் கடை கடையாக விவரம் எடுப்பதாகவும் சொல்லி, நிரப்பித் தரவேண்டிய ஒரு பாரத்தை, நம் ஊரில் படிவம் என்பதை, கொடுத்தார். சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுக் காசும் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

பாரம் இங்கிலீஷில் இருந்தது. ஜவுளிக்கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு யோசனை சொன்னார். பணமாகக் கொடுப்பதை மட்டும் எழுதினால் நம் கூலி குறைவாகத் தெரியும். சாப்பாட்டுக்கும் தங்கும் இடத்துக்கும் விலை போட்டு எழுதுங்கள், மொத்தம் ஏறிவிடும், நாளைக்கு எந்த வரம்பு வைத்தாலும் நீங்கள் அதற்கு மேலே நிற்பீர்கள். எனக்கு அது சரியாகப் பட்டது.

என் மகன் கதிரேசன் அரசாங்க ஆபீசில் கிராணி, நம் ஊர்க் குமாஸ்தா மாதிரி. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. இந்த மலருக்கு நான் எழுதுவதை அவன் படிக்கப்போவதில்லை, அதனால் அவனைப் பற்றித் தைரியமாக எழுதுகிறேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை, ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது, மாதம் நூற்றைம்பது வெள்ளி வாங்குகிறான். அவனை உட்காரவைத்துப் பாரத்தை நிரப்பச் சொன்னேன்.

சாப்பாடு என்ற கட்டம் வந்தது. அறுபது போடு என்றேன்.

"ஆளுக்கு அறுபதா? நம்ம சோறு அவ்ளோ ஆகுமாப்பா?"

"எழுதுடா. நம்ம சோறு என்ன கண்டவன் கடைச் சோறா? அறுபது போடு. தங்கறதுக்கு இருபது."

எழுதினான். பேனாவை மூடும்போது ஒரு வார்த்தை சொன்னான்.

"அப்பா, எங்க ஆபீஸ் பியூனுக்கே கையில நூறு வெள்ளிலா. மாணிக்கம் அண்ணனுக்கு எழுபதுதானா?"

பியூனுக்கு மீன் கறி வைக்கத் தெரியுமா என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன். அந்தக் கேள்வி என் பக்கமாகவே திரும்பி நிற்கிறது என்று பிறகுதான் புரிந்தது.

சனிக்கிழமை இலாகா ஆள் வந்தார். முதலாளி எழுதியதை ஆட்களும் கேட்கவேண்டும், சரி என்று சொல்லவேண்டும், அதுதான் முறை என்றார். ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தி, நான் எழுதச் சொன்னதைத் தமிழில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். மாணிக்கம், பணம் எழுபது, சாப்பாடு அறுபது, தங்குமிடம் இருபது, ஆக நூற்றைம்பது. மாணிக்கம் மாடியைக் காலி செய்து அப்போதே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவனுக்கும் இருபது போட்டிருந்தேன்.

மாணிக்கம் என்னைப் பார்த்தான். மறுக்கவில்லை. பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்புக்குப் போய்விட்டான். எனக்கு அப்போது ஜெயித்த மாதிரி இருந்தது.

5

திங்கட்கிழமை மதியக் கூட்டம் முடிந்தது. பின்கட்டு மேசையில் ஆறு இலை போட்டேன். யாரும் வரவில்லை. போய்ப் பார்த்தால், ஆறு பேரும் கடை முன்னால் அஞ்சடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அஞ்சடி என்றால் இங்கே கடைகளுக்கு முன்னால் ஜனங்கள் நடந்துபோகும் கூரைபோட்ட நடைபாதை. ஊரே பார்க்கிற இடம். சீனர் கடையிலிருந்து ரொட்டி வாங்கி வந்து, டின் பாலைத் தடவித் தின்றுகொண்டிருந்தார்கள்.

என்ன வேடிக்கை இது என்று கேட்டேன்.

மாணிக்கம் எழுந்து நின்றுதான் பேசினான். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. "இத்தனை வருஷமா ஒங்க வீட்டுச் சோறுன்னு நெனச்சுச் சாப்பிட்டோம் மொதலாளி. அறுபது வெள்ளிச் சோறுன்னு சனிக்கிழமதான் தெரிஞ்சுச்சு. அவ்வளவு வெலைச் சோறு எங்களுக்குக் கட்டாது. அந்த அறுபதக் கையில குடுங்க, நாங்க வெளியில பாத்துக்கிறோம்."

வேலையில் குறை வைத்தார்கள் என்றால் திட்டியிருப்பேன். வைக்கவில்லை. எப்போதும்போல விடிகாலையில் வந்தார்கள், மேசை துடைத்தார்கள், ஓடி ஓடிப் பரிமாறினார்கள். வேலைநிறுத்தம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

சமையலறையில் இன்னொரு கூத்து. மாணிக்கம் குழம்பை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பான். செவ்வாய்க்கிழமையிலிருந்து பார்க்க மாட்டேன் என்றான். கறி கொதித்ததும் உள்ளேயிருந்து குரல் வரும்: "மொதலாளி, உப்பு பாருங்க." நான் கல்லாவை விட்டு எழுந்து போய்ப் பார்க்கவேண்டும். ரசம் கொதிக்கும், மறுபடி கூப்பிடுவான். பொரியலுக்கும் கூப்பிடுவான். ஒரு மத்தியானத்தில் ஒன்பது தடவை நடந்தேன்.

"ஏன்யா, ரெண்டு சொட்டு நாக்குல வச்சா ஒனக்கு என்ன கொறஞ்சிடும்?"

"ரெண்டு சொட்டுன்னாலும் அறுபதுல சேரும் மொதலாளி."

புதன்கிழமை லோரி டிரைவர் ஒருவர், என் பழைய வாடிக்கை, இலைக்கு முன்னால் உட்கார்ந்து வெளியே ரொட்டி தின்கிற ஆட்களைக் கையைக் காட்டிக் கேட்டார். "என்னா தவுக்கே, ஒங்க ஆளுங்களே ஒங்க சாப்பாட்டத் தொடமாட்றாங்க. உள்ள என்னா போட்டு வக்கிறீங்க? நாங்க மட்டும் சாகணுமா?" தவுக்கே என்றால் இங்கே முதலாளி. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரிக்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தார்கள்.

ஜப்பான்காரன் காலத்தில்கூடத் தலை குனியாதவன் நான். அன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்க்க முடியவில்லை.

மாணிக்கம் தெருவைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அதை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஊரில் என் அப்பா பண்ணையில் கூலிக்கு நடவு நட்டவர். கூலியை நெல்லாக அளப்பார்கள், நடுப்பகலில் கஞ்சி ஊற்றுவார்கள். ஒரு வருஷம் பண்ணைக்காரர் கஞ்சிக்கென்று ஆளுக்கு அரைப்படி நெல்லைக் குறைத்து அளந்தார். மறுநாள் கஞ்சிக் குண்டான் வயலுக்கு வந்தபோது, என் அப்பா வரப்பில் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். துண்டை வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை நட்டார். எனக்கு எட்டு வயது. பெரியவனானால் ஒருத்தனுக்கும் கூலிக்கு நிற்கக்கூடாது என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். கடை வாங்கின பிறகு நின்றேனா என்றால், இல்லை. ஆனால் பண்ணைக்காரர் இடத்தில் வந்து நின்றுவிட்டேன்.

6

அன்று மாலை என் மனைவி மீனாட்சி, என்னிடம் சொல்லாமல் செட்டிக் கம்போங்குக்குப் போய் வந்தாள். வந்தவள் என்னிடம் நேராகப் பேசவில்லை. பானையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அஞ்சலை டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாளாம். பெரிய பெண்ணைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியாகிவிட்டதாம். ஒரு மாத வாடகையைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன், போகாதே என்று வீட்டுக்கார அம்மாள் மலாயில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். ஒரு மாதத்துக்கு அப்புறம் என்ன செய்வது என்று கேட்டு அஞ்சலை அழுதிருக்கிறாள்.

"கடைக்காரங்க செய்றதத்தான நானும் செய்யிறேன்" என்றேன்.

"ஏங்க, மாணிக்கத்தோட ஒரு வயித்துக்கு மாசம் அறுபது வெள்ளி ஆகுதுன்னு எழுதிக் குடுத்தீங்கல்ல. அத அஞ்சலை கையில குடுத்துப் பாருங்க. அவ நாலு பேருக்கு ஆக்குவா. மீதியும் வப்பா."

பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கணக்கில் என்னைத் தோற்கடித்த ஒரே ஆள் இவள்தான், வேறு யாரும் இந்த மலாக்காவில் இல்லை.

வியாழக்கிழமை மதியம் கூட்டம் கலைந்ததும் அஞ்சடிக்குப் போனேன். ரொட்டியைக் கீழே வையுங்கள், பேசவேண்டும் என்றேன். உள்ளே கூப்பிட்டால் வரமாட்டார்களோ என்று பயந்து, நானும் அங்கேயே ஒரு பலகைப் பெட்டியில் உட்கார்ந்தேன். மாணிக்கத்துக்குச் சம்பளம் தொண்ணூறு, சாப்பாட்டுக்கு அறுபது, ஆகக் கையில் நூற்றைம்பது. குடும்பத்தோடு வெளியே இருக்கிற யாருக்கும் சாப்பாட்டுக்கு என்று நான் எழுதிய அறுபது, சம்பளத்தோடு கைக்கு வரும். மாடியில் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு போக எண்பத்தைந்து. எண்பத்தைந்துக்குக் கீழே என் கடையில் ஒருவனும் கிடையாது. நாளைக்குக் கல்யாணம் ஆகி வெளியே போனால் அவனுக்கும் அந்த அறுபது.

அவர்கள் கேட்டதற்கு மேலேயே சொன்னேன். கேட்ட அளவுக்கு மட்டும் கொடுப்பது என் வழக்கம் இல்லை.

சாமிக்கண்ணுதான், "மொதலாளி, பொண்ணையும் நீங்களே பாத்துக் குடுத்துட்டா சௌகரியமா இருக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், மாணிக்கத்தைத் தவிர.

"மாடியில இருக்கிறவங்க சாப்பிடுற சோறு?" என்று கேட்டான். "அதுக்கு வெல இருக்குதா மொதலாளி?"

"இல்ல."

"பாரத்துல இருக்குதே."

"எடுத்துடுறேன்."

அப்போதுதான் அவன் உட்கார்ந்தான். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். வேர்வை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

7

வெள்ளிக்கிழமை காலை ஏஜெண்ட் கடை திறக்கும் முன்னாலேயே மாணிக்கமும் நானும் போய் வாசலில் நின்றோம். கட்டவேண்டிய பணத்தோடு வந்திருக்கிறோம் என்று நினைத்து ஏஜெண்ட் கையை நீட்டினார். பேரை எடுங்கள் என்றேன். முன்பணத்தில் பாதி திரும்பாது என்றார். வேறு நாளாக இருந்தால் அந்தப் பாதிக்கு மத்தியானம்வரை சண்டை போட்டிருப்பேன். அன்றைக்கு, வைத்துக்கொள்ளும் ஐயா என்று சொன்னேன். அவர் நோட்டைத் திறந்து மூன்று பெயர்களின் மேல் கோடு இழுத்தார். மாணிக்கம் எட்டிப் பார்த்து, மூன்றாவது கோடு சரியாக விழவில்லை, இன்னொரு தடவை இழுங்கள் என்று சொன்னான். அது சின்னப் பிள்ளையின் பேர்.

தொழிலாளர் இலாகாவில்தான் அலைய வேண்டியிருந்தது. கொடுத்த பாரத்தைத் திருப்பித் தர முடியாது, திருத்தம் வேண்டுமானால் வேறு பாரம், மூன்று நகல், காரணம் எழுதவேண்டும் என்றார்கள். கதிரேசன் ஆபீசில் ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டு வந்தான். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான்.

"கடையில வேலை செய்யிறவன் சாப்பிடறது சம்பளம் இல்ல, அதுக்கு வெல போட்டது என் தப்புன்னு எழுது."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். தப்பு என்று என் வாயால் கேட்டது அவனுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும். நான் சொன்னது ஒரு வரி, அவன் இங்கிலீஷில் நாலு வரி எழுதினான். என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது. வெள்ளைக் கால்சட்டை ஆள் அதைப் படித்துவிட்டு, இத்தனை கடையில் இப்படித் திருத்தம் கேட்டு வந்தது நீங்கள் ஒருவர்தான் என்றார். நான் எதிலும் முதல் ஆள்தான் என்று அவருக்கும் சொல்லி வைத்தேன்.

இனி பயந்ததைச் சொல்கிறேன். கூலியைக் கூட்டினால் கடை மூழ்கிவிடும் என்று நான் நிஜமாகவே பயந்தேன். சாப்பாட்டுக்கு ஐந்து காசு ஏற்றினேன். முணுமுணுத்தவர்கள் உண்டு, வருவதை நிறுத்தியவர்கள் அதிகம் இல்லை. நான்காவது கதவை வாங்கலாம் என்று வைத்திருந்த எண்ணத்தைத் தள்ளிப் போட்டேன். அது இன்னும் சீனரின் சைக்கிள் கடையாகவே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். லாபம் கொஞ்சம் குறைந்ததுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஒரு வருஷத்தில் என் கடையை விட்டு ஒரு ஆள் வேறு கடைக்குப் போகவில்லை. மற்றக் கடைக்காரர்கள் மாதம் ஒரு சமையல்காரனைத் தேடி அலைகிறார்கள். சாமிக்கண்ணுக்குக் கிளேபாங்கில் ஒரு பெண் அமைந்திருக்கிறது. நான்தான் போய்ப் பேசி முடித்தேன். அவன் சம்பளத்தைச் சொல்லிப் பேசினேன், பெண்ணின் தகப்பன் மறுபேச்சுப் பேசவில்லை.

எனக்கு என்னவென்றால், நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப்போய்விட்டது. அது இத்தனை வருஷமாக அங்கே இருந்தது என்பதே அது இறங்கின பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கப்பல் புறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மாணிக்கம் அரை நாள் லீவு கேட்டான். கொடுத்தேன். மதியம் ஒரு மணிக்குப் பார்த்தால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, அஞ்சலையையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, என் கடைக்கே வருகிறான். பின்கட்டுக்குப் போகவில்லை. முன்னால் விசிறிக்குக் கீழே இருக்கும் மேசையில், வாடிக்கைக்காரர்கள் உட்காரும் மேசையில், நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அஞ்சலை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நாற்காலியின் நுனியில் இருந்தாள். சின்னது தலையைத் தூக்கி விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தது.

நானே இலை போட்டேன். மாணிக்கம் குழம்பைத் தொட்டு வாயில் வைத்து, "புளி தூக்கலா இருக்கு மொதலாளி, நான் இல்லாத நேரத்துல யாரு அடுப்புல நின்னது?" என்று குறை சொன்னான். நான்தான் நின்றேன். சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அஞ்சலை சுருக்குப் பையைத் திறந்து, எவ்வளவு என்று கேட்டாள். வேண்டாம் என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. மாணிக்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் என்று இருந்தது.

இரண்டு பெரிய சாப்பாடு, இரண்டு சின்னச் சாப்பாடு, கூடுதலாக ஒரு மீன். மொத்தத்தைச் சொன்னேன். அவள் எண்ணிக் கொடுத்தாள். நான் கல்லாவில் போட்டுக்கொண்டு, மிச்சச் சில்லறையை அவள் கையில் கொடுத்தேன்.